பின்வாசல் தெருவில் தொடங்குங்கள்: செட்டிநாட்டைப் படம் எடுக்க வருபவர்களுக்கு

செட்டிநாடு என்று தேடினால் வரும் படங்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமெண்ட் ஓடு) பதித்த தரை, முகப்புக்கு மேலே சுதையில் செய்த கஜலட்சுமி, வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) நடுவில் பட்டுப்புடவையில் ஒரு கல்யாணப் பெண். எல்லாமே அழகுதான். ஆனால் பத்துப் படம் பார்த்தால் பதினோராவது எப்படி இருக்கும் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம். அந்த வீட்டைக் காலையில் திறந்து கூட்டிப் பெருக்குகிறவர் எந்தப் படத்திலும் இல்லை. தெருவில் மீன் கொண்டுவருகிறவர் இல்லை. மின்கம்பி, டிஷ் ஆன்டெனா, தண்ணீர் டேங்க், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் இல்லை. இன்றைக்கு இந்த ஊர்களில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது.

நான் காரைக்குடிக்காரன். பல வருடங்களாக இந்தத் தெருக்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டு கட்டாக நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதனால் ஒரு தெரு முழுக்க முகப்புகளாக இருந்தால், பக்கத்துத் தெரு முழுக்கப் பின்வாசல்களாக இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகப்புத் தெருவில் நின்று எடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். அன்றாடம் நடப்பதோ பின்வாசல் தெருவில். பாத்திரம் கழுவுவது, விறகு அடுக்குவது, ஆடு கட்டுவது, துணி காயப்போடுவது, பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது எல்லாம் அங்கேதான். நீங்கள் அங்கே தொடங்குங்கள்.

ஒரு தெரு போதும்

சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது செட்டிநாடு. 70க்கும் மேற்பட்ட ஊர்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்த் தொகுப்பில் சில இடம்பெற்றன. அதைப் படித்துவிட்டு, ஒரே நாளில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கடியாபட்டி, தேவகோட்டை என்று சுற்றிவிட வேண்டும் என்று வருகிறார்கள். அப்படிச் சுற்றினால் 500 படம் கிடைக்கும். ஒன்றோடு ஒன்று பேசாது.

ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். 200, 300 மீட்டர் நீளம் இருந்தால் போதும். அதில் பின்வாசல்கள் சில, ஒரு டீக்கடை, ஒரு பொதுக்குழாய் அல்லது ஊருணிக் கரை, ஒரு சின்னக் கோயில் இருந்தால் இன்னும் நல்லது. நடந்து போகும் தூரத்தில் தங்க இடம் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் பஸ்ஸை நம்பி வர முடியாது.

ஊர்ப்புறத்து அமைதி வேண்டும் என்றால் கானாடுகாத்தான் பக்கம் போகலாம். காரைக்குடியிலிருந்து 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, பஸ் உண்டு. திருச்சி – காரைக்குடி ரயில் பாதையில் ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷனும் பக்கத்தில் இருக்கிறது, எந்த ரயில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். நகரத்து நெரிசல் வேண்டும் என்றால் காரைக்குடிதான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய கடைவீதி, கொப்புடையம்மன் கோயில் பக்கத்துத் தெருக்கள், இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது. தேர்வு செய்யும்போது அழகான தெரு எது என்று யோசிக்காதீர்கள். மறுபடி மறுபடி போக எது வசதியோ அதுதான் நல்ல தெரு.

கையில் இருக்கும் கேமரா

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செல்போன் போதும். செல்போனில் இரண்டு பழக்கம் மட்டும் இன்றே தொடங்குங்கள். ஒன்று, திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுவது. இன்னொன்று, மிக அகலமாகக் காட்டும் லென்ஸை அணைத்துவிடுவது. குறுகலான சந்தில் அது வசதியாகத் தெரியும். ஆனால் தூண் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்து, ஓரத்தில் நிற்கும் ஆளின் முகம் இழுபட்டுப்போகும்.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு லென்ஸோடு வாருங்கள், 28 அல்லது 35 மில்லிமீட்டர். தெருவில் வெயில் இருக்கும்போது எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் 1/250 வினாடி வைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்ச உணர்திறனை) ஆட்டோவில் விட்டுவிடலாம். சைக்கிள், மொபெட் வந்தால் 1/500. தூரத்தில் இருந்து மனிதர்களை இழுத்து எடுக்கும் நீண்ட லென்ஸ் வேண்டாம். அதை நீட்டினாலே தெரு விறைத்துப்போகும்; ஒளிந்து எடுக்கிறவர் என்ற பெயரும் வந்துவிடும்.

முதல் இரண்டு நாள் படம் எடுக்காதீர்கள்

கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அந்தத் தெருவில் நடங்கள். டீக்கடையில் உட்காருங்கள். ஒரு சின்ன நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். என் பழைய நோட்டு ஒன்றில் இருப்பதை அப்படியே தருகிறேன்: ‘5.50 மூன்றாவது பின்வாசல் திறக்கிறது, ஒரு அம்மா தண்ணீர் தெளிக்கிறார். 6.15 பால். 6.40 சுவரில் வெயில் விழுகிறது, கீழே இன்னும் நிழல். 7.45 பள்ளி வேன், இரண்டு பிள்ளைகள், ஒரே குடை. 10.30 தெருவில் ஆள் இல்லை. 4.50 கீரைக்காரர். 5.20 திரும்ப எல்லாரும் வெளியே.’

மூன்றாவது நாள் கேமராவோடு போகும்போது 5.20க்கு எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவுக்கும் உங்கள் முகம் பழகியிருக்கும். இந்த இரண்டு நாளை விட்டுவிட்டு நேராகப் படம் எடுக்க வந்தவர்களின் படங்களில், எல்லார் முகத்திலும் ‘யார் இது’ என்ற கேள்விதான் இருக்கும்.

வெளிச்சம்

நிதானமாகப் படியுங்கள், இந்த ஊர்ப் படங்களில் பாதி வேலையை இதுதான் செய்கிறது.

பல வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டவை. முகப்பு கிழக்கு பார்த்து இருந்தால் காலை வெயில் முன்தெருவுக்கு, சாயங்கால வெயில் பின்தெருவுக்கு. பின்வாசல்களில் ஆட்கள் உட்காரும் நேரமும் அந்த வெயில் சாய்ந்து வரும் நேரமும் ஒன்றாகவே அமைகிறது. சாயங்காலம் 4.30இலிருந்து இருட்டும் வரை உங்கள் நேரம். சுண்ணாம்புச் சுவர் பழுப்பேறி இருப்பதால் எதிர்ப்பக்கம் நிற்கிறவர் முகத்தில் அந்தச் சுவரே மெதுவாக வெளிச்சம் போடும். சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி அவர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

மதிய வெயிலை எல்லாரும் தவிர்க்கச் சொல்வார்கள். தெருவுக்கு அது சரி. வீட்டுக்குள் அனுமதி கிடைத்தவர்கள் மதியத்தைத் தவறவிடக் கூடாது. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் நடு என்றால் சித்திரை பிறக்கும் சமயம். அந்த நாட்களில் மதியம் 12.15 வாக்கில் வளவில் வெயில் செங்குத்தாக இறங்கும். தூணுக்கு நிழலே இருக்காது. திறந்த நடுப்பகுதி கண் கூசும். சுற்றியுள்ள தாழ்வாரம் இருட்டாகத் தெரியும்.

ஒரு சித்திரையில் இப்படி ஒரு வளவில் நின்றேன். நடுவில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதில் கூழ் வத்தல் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள். ஆச்சி தாழ்வாரத்து ஓரத்தில், வெயில் படாமல் உட்கார்ந்து காக்கையை விரட்டக் கையில் ஒரு குச்சி வைத்திருந்தார். மேலிருந்து விழுந்த வெயில் வேட்டியில் பட்டுத் திரும்பி, கீழிருந்து அவர் முகத்தில் ஏறியது. தாடைக்கு அடியில் வெளிச்சம், நெற்றியில் மெல்லிய நிழல். மூக்குத்திக் கல் மட்டும் ஒரு புள்ளியாக மின்னியது. ஸ்டுடியோவில் எத்தனை விளக்கு வைத்தாலும் அந்த வெளிச்சம் வராது. நான் செய்தது ஒன்றுதான்: வேட்டியின் வெள்ளையைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டி, கொஞ்சம் மட்டும் கூட்டி, ஆச்சி பக்கம் திரும்பினேன். பின்னால் இருந்த அறைக்கதவுகள் கறுப்பில் போயின. போகட்டும். எல்லாம் தெரிய வேண்டும் என்று இருட்டைத் தூக்கிக் காட்டும் படங்களில் வளவின் வெயிலும் செத்துவிடும்.

மழைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் இறங்கும்; அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மேகம் மூடிய வெளிச்சத்தில் ஆத்தங்குடிக் கல்லின் நிறங்கள் உள்ளபடி பதியும். வெயிலில் அவை வெளுத்துவிடும்.

கேட்பது எப்படி

தெருவில் படம் எடுப்பதற்கும் ஒருவர் வீட்டு வாசலில் எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. திண்ணை தெருவைப் பார்த்து இருந்தாலும் அது வீடு. கேளுங்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்டால் போதும். ‘ஆச்சி, நான் பக்கத்துத் தெருவில தங்கியிருக்கேன். இந்தத் தெருவுல நடக்கிறதைப் படம் எடுத்துக்கிட்டு இருக்கேன். உங்களை ஒண்ணு எடுக்கலாமா?’ பெரும்பாலும் வரும் பதில், ‘என்னை எதுக்குப்பா, உள்ள வந்து வீட்டை எடுத்துக்க.’ அவசரப்பட்டு உள்ளே ஓடிவிடாதீர்கள். ‘வீட்டை எல்லாரும் எடுத்திருக்காங்க ஆச்சி, நீங்க பூண்டு உரிக்கிறதுதான் வேணும்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு உரித்துக்கொண்டே இருப்பார்கள். ஆச்சி என்பது நகரத்தார் (செட்டியார்) வீட்டுப் பெண்களைச் சொல்லும் மரியாதைச் சொல். இந்தத் தெருக்களில் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறார்கள். தெரியாவிட்டால் அம்மா, அக்கா, ஐயா, அண்ணே என்று கூப்பிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் ‘சரிங்க’ என்று நகர்ந்துவிடுங்கள். அடுத்த நாளும் வணக்கம் சொல்லுங்கள்.

பூட்டிய வீடுகளுக்கு வேறு கணக்கு. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். சென்னை, மதுரை, கோயம்புத்தூர், மலேசியா, சிங்கப்பூர் என்று பிரிந்திருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் எல்லாரும் கூடுவார்கள். சாவி வைத்திருக்கும் காவல்காரர் நல்ல மனதோடு திறந்துவிடலாம். ஆனால் அனுமதி கொடுக்க வேண்டியவர் அவர் இல்லை. பங்காளிகளில் ஒருவரிடம் போனில் பேசாமல் உள்ளே போகாதீர்கள். பின்னால் பேச்சு வாங்குவது அந்தக் காவல்காரர்தான். வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழக வேண்டும் என்றால், ஆத்தங்குடி பெரிய வீடு போலக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடும் வீடுகள் இருக்கின்றன. அங்கே போய் வெளிச்சத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்யக் கூடாது. ஒருமுறை பெரிய நிலைக்கதவு ஒன்றை, அதில் தொங்கிய பூட்டோடு நெருக்கமாக எடுத்து, தெருப் பெயரையும் போட்டு வெளியிட்டேன். இரண்டு நாளில் அந்த வீட்டுப் பங்காளி ஒருவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. ‘தம்பி, வீட்டுல ஆள் இல்லைன்னு ஊருக்கே எழுதிப் போட்டுட்டீங்களே’ என்றார். இந்த வீடுகளின் கதவும் நிலையும் தூணும் விலை போகிறவை. அன்றைக்கே அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். அதிலிருந்து பூட்டிய வீடு என்றால் ஊர்ப் பெயர் மட்டும்தான் போடுகிறேன். தெரு, கதவு எண், அடையாளம் எதுவும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்கிறேன். செல்போனில் படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்து பதிவாகும். அதை அணைத்து வையுங்கள்.

ஊருணியில் குளிக்கிறவர்களை எடுக்காதீர்கள். பிள்ளைகள் ஓடிவந்து ‘அண்ணா என்னை எடு’ என்பார்கள். பெற்றவர்கள் முகம் பார்த்துக் கேட்ட பிறகு எடுங்கள். கோயிலுக்குள், அது பிள்ளையார்பட்டியானாலும் தெருமுனை முனீஸ்வரன் ஆனாலும், அங்கே இருப்பவர்கள் சொல்வதுதான் விதி. மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்து வரும் கூட்டத்தை எடுக்கலாம். வேண்டுதலோடு நடக்கிறவர்களின் வழியை மறித்துக்கொண்டு எடுக்கக் கூடாது.

என்ன எடுப்பது

‘தெருவில் ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வார்கள். அப்போது பாரிஸில் வாழ்ந்த யூஜீன் அட்ஜேவைப் (1857–1927) பற்றிச் சொல்வேன். கனமான மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதிகாலையில் பழைய தெருக்களுக்குப் போவார். கடை வாசல், மாடிப்படி, முற்றம், கதவுப் பிடி, தெருவில் பொருள் விற்கிறவர் என்று எடுத்துக்கொண்டே இருந்தார், பல ஆண்டுகள். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்கிற சரக்காகத்தான் அவற்றைக் கருதினார். அவர் எடுத்த பல இடங்கள் பிறகு இடிக்கப்பட்டன. இங்கேயும் அதே கதைதான். ஒரு வீட்டைப் பிரித்துத் தூண்களை லாரியில் ஏற்றும் நாள் வந்துவிட்டால், அந்தப் பின்வாசலில் யார் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதற்கு உங்கள் படத்தைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ஒரே வகைப் பொருளைத் தொடர்ந்து எடுப்பது நல்ல பயிற்சி. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டமான வெளிச்சத்தில், நேருக்கு நேராக, ஒரே மாதிரி எடுத்துக் கட்டம் கட்டமாக அடுக்கினார்கள். அடுக்கிய பிறகுதான் ஒவ்வொன்றும் எப்படி வேறுபடுகிறது என்று கண்ணில் படும். நீங்கள் உங்கள் தெருவின் பின்வாசல்களை அப்படி எடுக்கலாம். 20 பின்வாசல், ஒரே உயரம், ஒரே தூரம், காலை 6 மணி. ஒன்றில் கிரில் கதவு, ஒன்றில் தகரம், ஒன்றில் பழைய தேக்குக் கதவிலேயே வாட்டர் மீட்டர். சுதைப் பொம்மைக்குப் பக்கத்தில் டிஷ் ஆன்டெனா வைத்த மாடி முகப்புகளையும் இப்படித் தொடராக எடுக்கலாம்.

கடைவீதியில் எழுத்தைப் பாருங்கள். சுவரிலும் பலகையிலும் கையால் எழுதிய எழுத்து, அதற்கு மேல் ஃபிளெக்ஸ், அதற்கு மேல் கிழிந்த கண்ணீர் அஞ்சலி. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர்தான். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், நோட்டீஸ்கள்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. தூக்கிப் போடுகிற காகிதத்தில் ஒரு ஊரின் வாழ்க்கை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் பலகைகளை நேராக நின்று, எழுத்து முழுதும் தெரியும்படி எடுங்கள். கடைக்காரரிடம் எழுதியவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உழைப்பை எடுக்க ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கல் செய்யும் கூடங்களில் கேட்டால் உட்கார விடுவார்கள். ஒரு கண்ணாடிச் சதுரத்தின் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு பள்ளத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள், கை நடுங்காது. அச்சை மெல்ல மேலே தூக்கினால் நிறங்கள் ஒன்றை ஒன்று தொட்டபடி நிற்கும், கலக்காது. அதன் மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்வார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, பிறகு காயவைப்பதுதான். கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரிக்கும்போது அந்த வழவழப்பு தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் கரண்டியிலிருந்து நிறம் விழுவதை எடுப்பார்கள். எடுங்கள். ஆனால் கண்ணாடியைப் பிரிக்கிற நொடிக்குக் காத்திருங்கள்: குனிந்த முகம் அந்தக் கண்ணாடியில் ஒரு கணம் தெரியும். ஊற்றும் கையை 1/125இல் எடுத்தால் கரைசலின் ஓட்டம் லேசாக இழுபட்டு உயிரோடு இருக்கும். சிமெண்ட் தூசி லென்ஸில் படியும், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படங்களும் உங்கள் வேலையில் சேர்த்திதான். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், பித்தளைத் தூக்கு நடுவே சட்டம் போட்ட குடும்பப் படங்கள் தொங்கும். யார் எவர் என்று தெரியாமல், விலைச்சீட்டோடு. எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்முறையில் பதிந்து வைக்கும் வேலையைச் செய்திருக்கிறது. நீங்கள் உங்கள் தெருவில் அதைச் செய்யலாம். நீங்கள் எடுத்த பிரிண்டைக் கொடுக்கப் போகும்போது, ‘வீட்டில் பழைய படம் இருக்கா’ என்று கேளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்து வருவார்கள். சன்னலோர வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு, யார் யார் என்று அவர்கள் சொல்வதைக் குரலாகவே பதிவு செய்து, அந்தப் பதிவை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அதே கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோ கலை படித்தவர். உலகம் சுற்றிப் படச்சுருள்களைத் திரட்டி, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார். செட்டிநாட்டில் கேமராவைத் தூக்குகிறவர்கள் இவரைத் தெரிந்துகொண்டு தூக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேர்வு

ஒரு மாதம் எடுத்த பிறகு நிறுத்துங்கள். செல்போன் திரையில் படம் பொறுக்க முடியாது. 100 படங்களை 4க்கு 6 அளவில் மலிவாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துப் படத்தோடு சேர்ந்து ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். 100ஐ 40 ஆக்குங்கள், ஒரு வாரம் விட்டுவிட்டு 15 ஆக்குங்கள். தெருவில் இருக்கும் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் ஒதுக்கிய ஒரு படத்தை டீக்கடைக்காரர் திரும்ப எடுத்து உள்ளே வைத்தார். ‘இந்த வேப்பமரம் போன மாசம் விழுந்துடுச்சு’ என்றார். எனக்கு அது வெறும் மரம்.

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் பென்சிலால் எழுதுங்கள்: ஊர், தேதி, நேரம், என்ன நடந்துகொண்டிருந்தது. பெயர் எழுத அனுமதி இருந்தால் பெயர். ‘வயதான பெண்மணி, செட்டிநாடு’ என்று மட்டும் எழுதினால், முப்பது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே.

பிரிண்டில் தோலின் நிறத்தைக் கவனியுங்கள். ஒரு லேபில் கொடுத்த என் படங்களில் எல்லார் முகத்தையும் கேட்காமலே வெளுக்கவைத்துக் கொடுத்தார்கள். திரும்பக் கொடுத்து, ‘எந்தத் திருத்தமும் வேண்டாம்’ என்று கவரின் மேல் எழுதி மறுபடி போட்டு வாங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுங்கள். மினுமினுக்கும் தாளை விட மேட் தாள் நல்லது; வெளியில் தொங்கவிட்டால் கண் கூசாது.

தெருவிலேயே காட்டுங்கள்

சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படத் திருவிழா 2016இல் தொடங்கியபோது பூங்கா, ரயில் நிலையம் என்று மக்கள் புழங்கும் இடங்களில் படங்களை வைத்தார்கள். 2019இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸே காட்சி அரங்கமானது. வாய்ப்புக் கிடைத்தால் அடுத்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். அன்றாட வாழ்வை இன்று எப்படியெல்லாம் எடுக்கிறார்கள் என்று ஒரே நாளில் கண் திறக்கும். ஆனால் உங்கள் முதல் கண்காட்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். எடுத்த தெருவிலேயே ஒரு சாயங்காலம் போதும்.

திண்ணை கொடுக்க ஒரு வீட்டைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை 4 மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை. 15 படங்களை 12க்கு 18 அங்குலத்தில் போடுங்கள். சுவரில் ஒட்டாதீர்கள், ஆணியும் அடிக்காதீர்கள். செட்டிநாட்டுச் சாந்து பூசிய சுவர் பளிங்கு மாதிரி இருக்கும். டேப்பைப் பிரிக்கும்போது மேல்பூச்சு பொருக்காகப் பெயர்ந்து வரும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் இன்று எளிதில் கிடைக்க மாட்டார். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பில் தொங்கவிடுங்கள். தூணில் கயிறு உராயும் இடத்தில் பழைய துணியை மடித்துச் சுற்றுங்கள். பெரியவர்கள் கண் உயரத்தில் ஒரு கயிறு, பிள்ளைகளுக்குத் தாழ்வாக இன்னொன்று. ஒரு மேசையில் நோட்டும் பேனாவும் வைத்து, படங்களில் இருக்கும் இடம், ஆள், மரம், கடை பற்றி வருகிறவர்கள் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

கயிற்றை அவிழ்க்கும்போது அந்தந்தப் படத்தை அதில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். வத்தல் காயப்போட்ட ஆச்சிக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘அந்த வேட்டி எங்க அப்பச்சியோடது’ என்றார். வீட்டுக்கு வந்ததும் படத்தின் பின்னால் அதையும் பென்சிலால் எழுதிவைத்தேன்.